தீட்டிஸின் கழுத்தும் களிமண் பென்சிலும்

கிரேக்க வீரன் அகிலீஸை படைத்தலைவன் அகமெம்னான் அவமானப்படுத்திவிட்டான். மகனுக்கு நியாயம் கேட்டு, கடல் தேவதையான தாய் தீட்டிஸ் கடவுள்களின் அரசனிடம் ஓடுகிறாள். அவர் காலடியில் மண்டியிட்டு, தாடியைத் தொட்டுக் கெஞ்சுகிறாள். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் ரோமில் இருந்தபோது, 1811இல், இந்தக் காட்சியை மூன்று மீட்டருக்கும் அதிக உயரமுள்ள துணியில் வரைந்தார்.

எடுத்த எடுப்பில் தூரிகையைத் தொட்டுவிடவில்லை. கை எங்கே போகவேண்டும், கழுத்து எப்படி வளையவேண்டும் என்று பென்சிலால் போட்டுப் போட்டுப் பார்த்தார். அவருடைய பென்சில் படங்களில் கோடுதான் ராஜா. தீட்டிஸின் கழுத்து அளவுக்கு மீறி நீளம் என்று அந்தக் காலத்தில் குறை சொன்னார்கள். எனக்கு அந்தக் கழுத்துதான் பிடிக்கும். கெஞ்சலே அதில்தானே இருக்கிறது!

சரி, பென்சில் எப்படி எழுதுகிறது? உள்ளே இருப்பது கிராஃபைட், அதாவது கார்பன். கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து மெல்லிய தாள்களாகின்றன. ஒரே தாளுக்குள் பிடி பலம். தாளுக்கும் தாளுக்கும் இடையே பிடி மிகத் தளர்வு. காகிதத்தில் தேய்த்தால், சீட்டுக்கட்டு சரிவதுபோல் அடுக்குகள் வழுக்கி, காகித நார்களில் ஒட்டிக்கொள்கின்றன.

பிரான்சுக்கு நல்ல கிராஃபைட் இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. 1793இல் பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்க, வரத்து நின்றது. கோந்தே என்ற பிரெஞ்சுக்காரர் வழி கண்டுபிடித்தார். மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, களிமண்ணும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார். 1795இல் காப்புரிமையும் வாங்கினார். அப்போது ஆங்க்ருக்கு 14 வயது.

களிமண் கூடினால் குச்சி கடினமாகும். கோடு மெலிந்து வெளுக்கும். கிராஃபைட் கூடினால் மென்மையாகும், கோடு கறுக்கும். உங்கள் பென்சிலில் எச், பி என்று போட்டிருப்பது இந்தக் கணக்குத்தான்: எச் கடினம், பி கறுப்பு.

கார்பன் வெயிலுக்கு வெளுக்காது. காகிதம் பழுத்தாலும் கோடு அப்படியே இருக்கும். ஆங்க்ர் விட்டுச்சென்ற 4,000க்கும் மேற்பட்ட படங்கள் அவர் பிறந்த மோந்தோபான் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.