மைக்செட் ஆம்பிளிஃபயர்ல 60 ஹெர்ட்ஸ் கரண்ட்

கிரிவலம் போனவங்களுக்குத் தெரியும், அடி அண்ணாமலை வர்றப்போ கால் கெஞ்ச ஆரம்பிச்சிருக்கும். மொத்தப் பாதை 14 கிலோமீட்டர். இப்படி நீண்டு கிடக்கிற இடத்துல மைக்செட் கட்டுறவங்க, ஆம்பிளிஃபயருக்குப் பின்னாடி ‘100 வோல்ட்’னு போட்டிருக்கிற முனையிலதான் ஒயரை மாட்டுவாங்க. ஏன்? 100 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேரடியா அனுப்பினா சுமார் 28 வோல்ட், 3.5 ஆம்பியர். அதையே 100 வோல்ட்ல அனுப்பினா 1 ஆம்பியர் போதும். ஒயர்ல சூடாகி வீணாகிறது கிட்டத்தட்ட பன்னிரண்டில் ஒரு பங்காக் குறைஞ்சிடும். கூம்பு ஸ்பீக்கர் பக்கத்துல ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அந்த வோல்டேஜை மறுபடி இறக்கிக்கும்.

இப்போ பாட்டை நிறுத்திட்டு, செல்போன் ஆப்ல இருந்து 60 ஹெர்ட்ஸ் டோன் கொடுங்க. அந்த முனையில வர்றது ஏசி கரண்ட்தானே? வீட்டு பிளக்ல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்னு யாரோ முடிவு பண்ணிட்டாங்க. இங்கே ரெண்டும் உங்க கையில.

இது எதுக்கு உதவும்? அமெரிக்காவுல இருந்து வந்த பழைய ரெக்கார்டு பிளேயரை எடுத்துக்குவோம். அதுல சிங்க்ரனஸ் மோட்டார் இருந்தா, வேகத்தை முடிவு பண்றது ஹெர்ட்ஸ்தான். டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு வோல்டேஜைச் சரிபண்ணினாலும், நிமிஷத்துக்கு 33.3 சுத்து வரவேண்டிய தட்டு நம்ம 50 ஹெர்ட்ஸ்ல 27.8 சுத்துதான் வரும். ஸ்ருதி மூணு அரைச்சுரத்துக்கு மேல இறங்கி, எஸ். ஜானகி குரலே கனத்துப் போயிடும். மோட்டார் போச்சுன்னு தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி, ஆம்பிளிஃபயர்ல இருந்து 60 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பாருங்க. வேகம் சரியா வந்தா மோட்டார் மேல தப்பில்லை.

சப்ஸ்டேஷன்ல பாதுகாப்பு ரிலேவைச் சோதிக்கிற ஓமிக்ரான் சிஎம்சி மாதிரிக் கருவிக்குள்ளேயும் துல்லியமான ஆம்பிளிஃபயர்கள்தான் இருக்கு. ஃபால்ட் வந்தா என்ன அலை வருமோ அதைப் பொய்யா உண்டாக்கி, ரிலே ட்ரிப் ஆகுதான்னு பார்ப்பாங்க.

ஆனா சில விஷயம். பாட்டுல உச்சம் வந்து வந்து போகும், டோன் நிக்காம அடிக்கும். அதனால எழுதியிருக்கிற வாட்ல பாதிக்கு மேல போகாதீங்க. ஹெர்ட்ஸைக் குறைச்சா வோல்டேஜையும் அதே அளவுக்குக் குறைக்கணும், இல்லைன்னா இரும்புக் கோர் திணறி கரண்ட் எகிறிடும். கரண்ட் ஓடிக்கிட்டிருக்கிற வீட்டு லைனோட இந்த முனையை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீங்க. பாட்டுப் பெட்டிதானேன்னு கை வெச்சுடவும் கூடாது, 100 வோல்ட் ஆளைக் கொல்லும்.

நான் எப்பவும் ஒரு 60 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல போட்டு, வால்யூமை மெதுவா ஏத்துவேன். பல்பு நல்லா சிவந்து எரிஞ்சா, சுருள்ல ஷார்ட் இருக்குன்னு உடனே ஆஃப் பண்ணிடுவேன்.