போத்தல் தண்ணீரில் ஒரு வீட்டுத்தோட்டம்

கிணற்றடியில் வாழையும் வேலியோரம் முருங்கையும் நின்ற வளவில் வாழ்ந்த பெண்ணுக்கு, கொழும்புத் தொடர்மாடியில் முதலில் இல்லாமற் போவது மண்தான். போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருந்த எமது குடும்பங்கள் பல, எப்போது எழும்ப வேண்டிவருமோ என்ற பயத்துடனேயே இருந்தன. 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அப்படியான நாட்களில் ஒரு செடியை நட யாருக்கும் மனம் வராது.

போர் 2009இல் முடிந்தது. எனினும் இன்றும் பலருக்கு ஓர் அறையும் ஒரு யன்னலும்தான் வீடு. அந்த யன்னலோரம் போதும், சகோதரிகளே. ஒரு போத்தலும் ஒரு தண்டும் இருந்தால் தொடங்கலாம்.

சந்தையில் வாங்கும் பொன்னாங்காணி, கங்குன், புதினாக் கட்டுகளில் இலையை ஆய்ந்தபின் தண்டை எறிந்துவிடுகிறோம். அவற்றில் வாடாத, முற்றிப்போகாத தண்டுகளைத் தெரிந்தெடுங்கள். நான்கு முதல் ஆறு அங்குல நீளம் போதும். இலை முளைக்கும் இடத்தைக் கணு என்கிறோம். புதுவேர் பெரும்பாலும் அங்கிருந்தே வருவதால், கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் இலை இருக்கக்கூடாது. இருந்தால் அழுகி, தண்டையும் கெடுத்துவிடும். நுனியில் சில இலைகளை மட்டும் விடுங்கள்.

போத்தலை வெளிச்சம் படும் இடத்தில், நேர் வெயில் படாமல் வையுங்கள். கண்ணாடிப் போத்தலைக் கடதாசியால் சுற்றினால் பாசி பிடிப்பது குறையும். வேருக்கும் காற்று வேண்டும். தேங்கிய தண்ணீரில் அது குறைந்துவிடுவதால், இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுவது நல்லது. பொன்னாங்காணி, கங்குன், புதினா ஆகியவை ஏறக்குறைய ஒரு கிழமையில் வேர்விடும். துளசிக்கு இரண்டு கிழமை வரை செல்லலாம். கற்பூரவள்ளியும் இவ்வாறே வரும். கறிவேப்பிலையைத் தண்ணீரில் வைத்துக் காத்திருப்பது பெரும்பாலும் வீண். அதற்கு விதையோ, வேரடியில் முளைக்கும் கன்றோதான் நல்லது.

வேர் ஓர் அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். அடியில் துளையிட்ட பால்மாப் பைக்கற்று, யோகட் கோப்பை எதுவும் உதவும். தண்ணீரில் வந்த வேர் மென்மையானது. முதற் கிழமை நிழலில் வைத்து, மண்ணை ஈரமாகவே வைத்திருங்கள். அழகுக்கு வைக்கும் மணிபிளான்ற் கொடியும் தண்ணீரில் இலகுவாக வளரும். ஆனால் அதன் இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு விடயத்தில் கவனக்குறைவு கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிடுவது இப்படித் தேங்கிய தண்ணீரில்தான். 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு ஏற்பட்டது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு கிழமையே போதும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. போத்தலின் உட்புறத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். வாயைப் பஞ்சாலோ துணியாலோ இடைவெளியின்றி அடையுங்கள். சட்டியின் கீழ் வைக்கும் தட்டிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். வேலைக்குப் போய் இரவில் திரும்புபவர்கள், தண்ணீருக்குப் பதிலாக ஈர மணலில் தண்டை ஊன்றலாம். அதிலும் வேர் வரும்.

இரண்டு சட்டிப் பொன்னாங்காணியால் ஒரு குடும்பத்தின் கறிச்செலவு தீர்ந்துவிடாது. ஆனால் கிழமையில் ஒருநாள் வறைக்குக் கீரை கிடைக்கும். பறித்த இடத்தில் மீண்டும் துளிர்க்கும். பலவற்றை இழந்தபின், தன் கையால் வைத்த ஒன்று வேர்விடுவதைப் பார்ப்பது மனதுக்கும் தெம்பு தரும். அடுத்த முறை நுனி கிள்ளும்போது ஒரு தண்டைப் பக்கத்து வீட்டுக்காரிக்கும் கொடுங்கள். கதவைத் தட்டிப் பேச அது ஒரு காரணமாகட்டும்.