பல்பு ஓடுதா... மூளை ஓட்டுதா?

மாசி மாதம் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழா பார்த்திருக்கிறீர்களா? சீரியல் பல்பு அலங்காரத்தில் சக்கரம் சுற்றும், மயில் தோகை விரிக்கும். குழந்தைகள் வாயைப் பிளந்து நிற்கும். உண்மையில் அங்கே ஒரு பல்புகூட இம்மி நகர்வதில்லை! ஒன்று அணைகிறது, அடுத்தது எரிகிறது. அவ்வளவுதான். நடுவில் 'ஓட்டத்தை'ப் போட்டு நிரப்பிக்கொள்வது நம் மூளை. சினிமாவும் இதே சங்கதிதான். விநாடிக்கு 24 அசையாத படங்கள்!

மூளை செய்யும் இந்தச் சித்து வேலையை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் நம்ம ஊர்க்காரர்தான். தமிழ்நாட்டில் 1951-ல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போன டாக்டர் வி.எஸ்.ராமச்சந்திரன். ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் என்பவரோடு சேர்ந்து 1986-ல் அவர் எழுதிய கட்டுரை பிரபலம். கண்ணில் விழும் ஒவ்வொரு புள்ளியையும் மூளை கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதில்லையாம். 'நேராகப் போகிற பொருள் நேராகவே போகும்' என்பது போன்ற சில குறுக்கு வழிகளை வைத்துச் சட்டென்று முடிவு கட்டிவிடுகிறது.

அப்படியானால் அசைவைப் பார்ப்பது கண் இல்லையா? கண் படம் பிடித்து அனுப்புவதோடு சரி. அசைவைப் பிரித்துச் சொல்வதற்கென்றே மூளையின் பின்பகுதியில், பக்கவாட்டில், இரண்டு பக்கமும் ஒரு சின்ன இடம் இருக்கிறது. 'வி-5' என்று பெயர்.

அந்த இடம் கெட்டுப்போனால்?

ஜெர்மனியில் ஒரு பெண்மணிக்கு அது நடந்தது. மூளை ரத்தக்குழாயில் அடைப்பு. 1978-ல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நிறம் தெரிந்தது, முகம் தெரிந்தது, எழுத்தும் தெரிந்தது. அசைவு மட்டும் தெரியவில்லை! கோப்பையில் ஊற்றும் டீ, பனிக்கட்டி மாதிரி உறைந்து நின்றது. டீ மேலே ஏறி வருவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்றே புரியவில்லை. ரோட்டைக் கடப்பதுதான் பெரிய பாடு. தூரத்தில் தெரிந்த கார், திடீரென்று பக்கத்தில் நிற்கும். 1983-ல் ஜோசப் ட்ஸில் என்பவரும் அவர் சகாக்களும் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். (பயப்படாதீர்கள், இது அபூர்வத்திலும் அபூர்வம்.)

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பத்தா ஞாபகம் வந்தது. சின்னாளபட்டிப் பக்கம் நால்வழிச் சாலையைக் கடக்கும்போது ஒரு பைக் மயிரிழையில் தப்பிப் போனது. "ஏய்யா, அது அம்புட்டு தூரத்துலதானய்யா வந்துச்சு... கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள மேல வந்து நிக்குது!" என்றார். கண்புரை ஆபரேஷன் ஆனவர். டாக்டரோ, "கண்ணு நல்லா இருக்கு" என்கிறார்.

அப்பத்தா சொன்னது பொய்யில்லை. எதிரே வரும் வண்டியின் வேகத்தை மூளை எப்படிக் கணிக்கிறது? வண்டியின் உருவம் கண்ணுக்குள் எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பதை வைத்து. தூரத்தில் இருக்கும்வரை அது வளர்வதே தெரியாது. கிட்டே வந்ததும் மளமளவென்று ஊதிப் பெருகும். இந்த வளர்ச்சியை உணரும் திறன் வயதானால் மங்குகிறது. சின்னப் பிள்ளைகளுக்கோ அது இன்னும் முழுசாக வந்திருக்காது. வண்டி வேகமாக வர வர ஏமாறுவது அதிகம். இன்னொரு வம்பு: லாரியைவிட பைக் மெதுவாக வருவதாகத் தோன்றும். உருவம் சின்னது, அதனால்தான்.

ஆகவே, "பார்த்துப் போங்க" என்று சொன்னால் மட்டும் பெரியவர்களுக்குப் போதாது. அவர்கள் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள்! வேகச் சாலையில் கூடவே போய்க் கையைப் பிடித்துக் கடத்திவிடுங்கள். நடுத்திட்டில் நிறுத்தி, மறுபாதியைத் தனியாகக் கடக்க வையுங்கள். யாருக்காவது திடீரென்று பார்வை மங்கினாலோ, இரண்டு இரண்டாகத் தெரிந்தாலோ, வாய் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். கண் டாக்டருக்குக் காத்திராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த ஜெர்மன் பெண்மணி பிற்பாடு ஒரு உபாயம் கண்டுபிடித்தார். வண்டிச் சத்தம் பெரிதாவதை வைத்துத் தூரத்தைக் கணிப்பது! அப்பத்தாவிடம் சொன்னேன்.

"நானும் அப்படித்தானய்யா காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். இந்த கரண்டு வண்டிதான் சத்தமே போடாம வந்து தொலையுது!"