வரையாட்டுக்கு வரும் நோய் குட்டியில்தான் தெரியும்

வால்பாறை மலைப்பாதையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆழியாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, சாலையோரச் சுவர் மேலேயே நம் மாநில விலங்கான வரையாடு நிற்கும். உடனே வண்டியை ஓரம் கட்டி செல்ஃபி எடுப்போம், சிலர் பிஸ்கட்டும் நீட்டுவார்கள். ஆசையில் செய்வதுதான். ஆனால், தீனிக்காக ஆடுகள் ஒரே இடத்தில் முகத்தோடு முகம் உரசிக் கூடினால், ஒன்றிடம் இருக்கும் கிருமி எல்லாவற்றுக்கும் போய்விடும்.

தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் இருந்தன, 2025-ல் 1,303. நல்ல செய்திதான். ஆனால் இவை ஒரே மந்தை இல்லை. முக்குருத்தி, ஆனைமலை என்று தனித்தனி மலைகளில் பிரிந்து கிடக்கின்றன. ஒரு மலையில் நோய் வந்து ஆடுகள் அழிந்தால், பக்கத்து மலையிலிருந்து வந்து நிரப்ப வழி இல்லை. இடையில் தேயிலைத் தோட்டமும் சாலையும் ஊரும்.

இனப்பெருக்கமும் மெதுவாகத்தான் நடக்கிறது. மழைக்காலத்தில் இணை சேர்ந்து, ஏறக்குறைய 6 மாதம் சினையாக இருந்து, பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் குட்டி போடும். அதுவும் வழக்கமாக ஒரே ஒரு குட்டி. நம் வீட்டு வெள்ளாடு மாதிரி ரெண்டு, மூணு என்று ஈனாது. கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவை இந்தக் காலத்தில் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவது இதனால்தான்.

மலை ஆடுகளைத் தாக்கும் நோய்களில் சில பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும். ஸ்பெயின் நாட்டின் கசோர்லா மலையில் 1987-ல் தொடங்கிய சொறி நோய், அங்கிருந்த ஐபெக்ஸ் காட்டு ஆடுகளில் 95 சதவீதத்துக்கு மேல் அழித்துவிட்டது. வேறு சில நோய்கள் சத்தமே இல்லாமல் வேலை பார்க்கும். அமெரிக்காவின் பிக்ஹார்ன் காட்டுச் செம்மறிகளுக்கு வீட்டு ஆடுகளிடமிருந்து நிமோனியா தொற்றியது. பெரிய ஆடுகள் சில செத்து, மீதி பிழைத்துக்கொண்டன. நோய் போய்விட்டது என்றுதான் தோன்றும். ஆனால் பிழைத்த சில தாய் ஆடுகளின் மூக்கில் கிருமி தங்கிவிட, அதற்குப் பிறகு பல வருடம் பிறந்த குட்டிகள் சில வாரங்களிலேயே செத்தன. மந்தையில் ஆடு இருக்கிறது, குட்டிதான் இல்லை!

புரூசெல்லா இன்னொரு வகை. நம் ஊரில் 'கன்று வீச்சு நோய்' என்பார்கள். சினை கலைந்துபோகும், கிடாவின் விதைகள் வீங்கும். பிரான்ஸில் பார்ஜி மலையின் ஐபெக்ஸ் ஆடுகளில் இந்தக் கிருமி இருப்பது 2012-ல் தெரிந்தது. அந்தப் பகுதி மாட்டுப் பண்ணை ஒன்றுக்கும், அங்கே காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக்கட்டி வழியாக மனிதருக்கும் அது வந்திருந்தது. அடுத்த ஆண்டே 200-க்கும் மேற்பட்ட ஐபெக்ஸ்களைச் சுட வேண்டியதாயிற்று. எனவே வெறும் தலைக்கணக்கு போதாது. ஒரு மந்தையில் எத்தனை பெட்டை, அவற்றோடு எத்தனை குட்டி என்பதுதான் மந்தையின் உடல்நிலையைச் சொல்லும்.

நம் மலைகளிலும் சில வரையாடுகளின் உடலில் கட்டி போன்ற வீக்கங்கள் காணப்பட்டன. தமிழக அரசு 2022-ல் அறிவித்த, 25.14 கோடி ரூபாய் மதிப்பிலான 5 ஆண்டு வரையாடு திட்டத்தில், நோய் கண்டறிதலும் சிகிச்சையும் ஒரு பகுதியாகவே சேர்க்கப்பட்டது. சொல்வது சுலபம். செங்குத்துப் பாறையில் நிற்கும் ஆட்டுக்கு மயக்க ஊசி போட்டால், மருந்து வேலை செய்வதற்குள் அது உருண்டு விழுந்துவிடலாம். காட்டு விலங்குக்கு வைத்தியம் பார்ப்பதைவிட, அடிவாரத்து வீட்டு ஆட்டுக்குத் தடுப்பூசி போடுவது எவ்வளவோ எளிது.

மலையோர ஊர்களில் ஆடு மாடு வைத்திருப்பவர்கள், ஆட்டுக்கொல்லி நோய்க்கும் கோமாரிக்கும் கால்நடைத் துறை இலவசமாகப் போடும் தடுப்பூசியைத் தவற விடாதீர்கள். ஆட்டுக்கொல்லி தடுப்பூசியை 4 மாதம் தாண்டிய குட்டிக்குப் போடலாம். சளி, கழிச்சல், சொறி உள்ள ஆட்டைப் புல்வெளிக்கு ஓட்டாமல் பட்டியிலேயே தனியாகக் கட்டுங்கள். சினை கலைந்தால் கையுறை போட்டுக்கொண்டு, நஞ்சுக்கொடியோடு ஆழமாகப் புதையுங்கள்; நாய் இழுத்துப் போகும்படி வீசாதீர்கள். பாலை நன்றாகக் காய்ச்சிக் குடியுங்கள். கால்நடைக்கு அவசரம் என்றால் 1962-க்குப் போன் பண்ணலாம், கட்டணம் இல்லை.

பயணிகள் நொண்டுகிற, கட்டி தெரிகிற, செத்துக் கிடக்கிற வரையாட்டைக் கண்டால் கிட்டே போகவோ தொடவோ வேண்டாம். தள்ளி நின்று ஜூம் பண்ணி ஒரு போட்டோ எடுங்கள். செல்போன் மேப்பில் அந்த இடத்தைச் சேமித்து, நேரத்தையும் குறித்து, வழியில் வரும் வனச் சோதனைச்சாவடியில் காட்டுங்கள். குட்டியோடு நிற்கும் ஆடுகளின் இடத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். மறுநாளே அங்கே பத்து வண்டி நிற்கும்.