தற்காலக் குவில்ட்

தற்காலக் குவில்ட் என்பது, குவில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வையை 20ஆம் நூற்றாண்டு நவீன ஓவியம், கட்டடக்கலை, வரைகலை ஆகியவற்றின் அழகியலைத் தழுவி வடிவமைத்துத் தைக்கும் பொழுதுபோக்குக் கலை ஆகும். அவ்வாறு தைக்கப்பட்ட போர்வையும் இப்பெயராலேயே அழைக்கப்படுகிறது. 2000களில் ஐக்கிய அமெரிக்காவில் ஓர் இயக்கமாக உருப்பெற்ற இக்கலை, பின்னர் கனடா, ஐக்கிய இராச்சியம், ஆத்திரேலியா முதலிய நாடுகளுக்கும் பரவியது.

குவில்ட் மூன்று அடுக்குகளைக் கொண்டது. துண்டுத் துணிகளை இணைத்து உருவாக்கும் மேல்துணி, குளிரைத் தடுக்கும் இடைப்பஞ்சு, அடித்துணி என்பன அவை. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அவற்றை ஒரே பொருளாகப் பிணைக்கிறது. பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டித் தைக்கப்படும் வங்காளத்தின் காந்தா இதற்கு உறவான கலை எனலாம். எனினும் காந்தாவில் பொதுவாக இடைப்பஞ்சு வைக்கப்படுவதில்லை.

இயல்புகள்

மரபுவழிக் குவில்ட்டில் ஒரே சதுர வடிவம் நிரை நிரலாகத் திரும்பத் திரும்ப வந்து, சுற்றிலும் கரையுடன் முடியும். தற்காலக் குவில்ட் இவ்வொழுங்கைக் கலைக்கிறது. வடிவங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கலாம். கரை முற்றிலும் இல்லாமல் போகலாம். பழைய சதுரம் ஒன்றே பெரிதாக்கப்பட்டுப் போர்வை முழுவதையும் நிரப்பலாம். பூ அச்சிட்ட துணிகளைவிட ஒற்றைநிறத் துணிகள் மிகுதியாகப் பயன்படுகின்றன. வெள்ளை, சாம்பல் ஆகிய நிறங்கள் பின்புலமாக அடிக்கடி வருவதைக் காணலாம்.

இவற்றுள் முதன்மையானது வெற்றிடம் பற்றிய கருத்தாகும். உருவம் இல்லாத பரப்பும் வடிவமைப்பின் பகுதியே என்பது ஓவியர்கள் நன்கறிந்த செய்தி. துணியில் இதற்கு ஒரு நடைமுறை விளைவு உண்டு. வண்ணத் துண்டுகள் நிறைந்த மேல்துணியில் தையல் கோடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அகன்ற ஒற்றைநிறப் பரப்பிலோ ஒவ்வொரு தையலும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. எனவே எளிமையாகத் தோன்றும் போர்வையே தைப்பவரின் கைப்பிழையை மிகுதியாகக் காட்டிக்கொடுக்கிறது.

வரலாறு

இக்கலைக்குப் பல மூலங்கள் உள்ளன. பென்சில்வேனியாவின் ஆமிஷ் சமயக் குழுவினர் ஒற்றைநிறத் துணிகளால் பெரிய சதுரங்களையும் பட்டைகளையும் கொண்ட போர்வைகளை நெடுங்காலமாகத் தைத்து வந்தனர். 1971இல் ஜொனத்தன் ஓல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஊஃப் ஆகியோர் திரட்டிய பழைய அமெரிக்கக் குவில்ட்டுகள் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிடப்பட்டன. படுக்கையில் கிடந்த பொருளைக் கலைப்படைப்பாகப் பார்க்கும் வழக்கத்துக்கு இக்காட்சி பெரிதும் உதவியது. குவென் மார்ஸ்டன் 1996இல் வெளியிட்ட நூல், அளவுகோலும் அச்சுத்தாளும் இன்றித் தைக்கும் முறையைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. வரைகலை வடிவமைப்பாளரான டெனிஸ் சிமித்தின் போர்வைகளும், அவரது 2005ஆம் ஆண்டு நூலும் புதிய தலைமுறையினரிடம் செல்வாக்குப் பெற்றன.

2009இல் அலிசா ஹெய்ட் கார்ல்டன், லத்தீஃபா சாஃபிர் ஆகியோர் லாஸ் ஏஞ்சலசில் மாடர்ன் குவில்ட் கில்ட் எனும் சங்கத்தைத் தொடங்கினர். இச்சங்கத்தின் முதல் மாநாடும் கண்காட்சியுமான குவில்ட்கான், 2013 பெப்ரவரியில் டெக்சாசு மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடைபெற்றது.

ஜீஸ் பெண்ட் பெண்கள்

தற்காலக் குவில்ட்டின் மூலங்களுள் தனியே குறிப்பிட வேண்டியது, அலபாமா ஆற்றின் வளைவு ஒன்றில் அமைந்த ஜீஸ் பெண்ட் எனும் சிற்றூர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்களே இங்கு வாழ்கின்றனர். தோட்ட உரிமையாளரின் குடும்பப் பெயரான பெட்வே என்பதே இன்றும் பலரது பெயராக உள்ளது. இவ்வூர்ப் பெண்கள் கிழிந்த வேலையுடை, மாவுப்பை, மீந்த துணி ஆகியவற்றைக் கொண்டு, குளிர்காப்பில்லாத வீடுகளில் குழந்தைகளைப் போர்த்துவதற்காகத் தைத்தனர். மிசோரி பெட்வே என்பவர் 1942இல் தம் கணவர் இறந்தபின் அவருடைய வேலையுடைகளையே வெட்டி ஒரு போர்வை தைத்தார். வெளுத்த நீலமும் சாம்பலும் கலந்த அப்போர்வையில் முழங்கால் தேய்ந்த இடமும், பை பிரித்தெடுத்த இடத்தின் நிறமாற்றமும் வடிவமைப்பின் பகுதியாகவே நிற்கின்றன.

2002இல் ஊஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்னர் விட்னியிலும் இப்போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை இவற்றுள் 10 போர்வைகளை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. சாய்ந்த கோடுகள், சமமற்ற பட்டைகள், எதிர்பாராத இடத்தில் வரும் சிவப்பு என, பின்னாளில் தற்கால இயக்கத்தின் அடையாளங்களாகக் கருதப்பட்ட பலவும் இப்போர்வைகளில் ஏற்கனவே இருந்தன.

புகழைத் தொடர்ந்து உரிமைச் சிக்கலும் எழுந்தது. வடிவங்களின் பதிப்புரிமை, விற்பனை வருவாய் ஆகியவை தொடர்பாக, போர்வைகளைச் சேகரித்து வெளியுலகுக்குக் காட்டியவர்கள் மீது 2007இல் இவ்வூர்ப் பெண்கள் சிலர் வழக்குத் தொடர்ந்தனர். அவ்வழக்குகள் 2008இல் உடன்பாட்டில் முடிந்தன. வழக்குகள் முடிந்தாலும் கேள்வி முடியவில்லை. வறுமையால் கிடைத்ததைக் கொண்டு தைத்த ஒருவரின் சாய்ந்த கோட்டை, கடையில் புதுத்துணி வாங்கி இன்னொருவர் தைக்கும்போது அதை எப்பெயரால் அழைப்பது, யாருடைய பெயரைச் சொல்வது என்பது இயக்கத்துக்குள் இன்றும் பேசப்படும் பொருளாகும். மூலத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது குறைந்தபட்ச நேர்மை எனக் கொள்ளலாம்.

தைக்கும் முறை

பெரும்பாலோர் தாளில் வரைந்தோ கணினியில் கட்டம் அமைத்தோ தொடங்குகின்றனர். சிலர் முன்வரைவு இன்றி, பஞ்சுத்துணி விரித்த சுவரில் துண்டுகளை ஒட்டி, தள்ளி நின்று பார்த்து இடம் மாற்றுகின்றனர். நிறங்களைத் தேர்வதில் பொதுவான தவறு, நிறத்தை மட்டும் பார்த்து அதன் வெளிர்மை, அடர்த்தி ஆகியவற்றைக் கவனிக்காமல் விடுவதாகும். துணிகளை ஒன்றாக வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தால், சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிவது உடனே புலப்படும். அவ்விரண்டும் போர்வையில் சற்றுத் தொலைவிலிருந்து ஒன்றோடொன்று கலந்துவிடும்.

துணியைக் கத்தரிக்கோலுக்குப் பதிலாக உருள்கத்தியால் வெட்டுவதே இன்றைய வழக்கம். சிறு சக்கரம் போன்ற இக்கத்தியை யப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் அறிமுகப்படுத்தியது. தடித்த ஒளிபுகு அளவுகோலை அழுத்திப் பிடித்து, பல மடிப்புத் துணியை ஒரே ஓட்டில் வெட்ட முடிவதால், வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது.

துண்டுகளை இணைக்கும்போது விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தைக்க வேண்டும். இவ்விடைவெளி 1/16 அங்குலம் கூடினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு தையலும் இரு துண்டுகளிலும் அவ்வளவைத் தின்னும். ஆக ஒரு தையலுக்கு 1/8 அங்குலம் இழப்பு. 16 சதுரங்கள் கொண்ட வரிசையில் 15 தையல்கள் இருப்பதால் வரிசை ஏறத்தாழ 1 7/8 அங்குலம் குறுகிவிடும். சரியாகத் தைத்த அடுத்த வரிசையுடன் பொருந்தாது. துணியை மடித்து இஸ்திரி செய்கையில் மடிப்பும் சிறிது இடம் எடுத்துக்கொள்வதால், தேர்ந்தவர்கள் கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகவே தைக்கின்றனர்.

சதுரத்தைக் குறுக்கே வெட்டி முக்கோணம் செய்பவர்கள், முடிவில் வேண்டிய அளவுடன் 7/8 அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும் என்ற விதியை மனப்பாடமாக வைத்திருப்பர். அது வடிவியலிலிருந்து வருவது. செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கமும் கால் அங்குலம் விடுவதற்கு, செங்கோணத்தை அடுத்த பக்கம் 0.25 × (2 + √2), அதாவது 0.854 அங்குலம் நீள வேண்டும். அளவுகோலில் அதற்கு மிக அருகிலுள்ள கோடு 7/8 ஆகும்.

கட்டற்ற முறையில் தைப்பவர்களுக்கு இக்கணக்குகள் தேவையில்லை என்று கருதுவது தவறு. கோடுகளைக் கண்பார்வையில் வெட்டினாலும், தைத்து முடித்த பகுதியின் வெளி விளிம்பை நேராக்கி ஒரே அளவுக்குக் கொண்டுவராவிட்டால் போர்வை தட்டையாகக் கிடக்காது, அலையலையாக எழும்பும்.

அடுக்கித் தைத்தல்

மேல்துணி முடிந்ததும் அடித்துணியை இழுத்து விரித்து, அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் பரப்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்தி நிலைநிறுத்துவர். பின்னர் நடுவிலிருந்து வெளிநோக்கித் தைப்பர். சாதாரணத் தையல் இயந்திரத்தின் பற்கள் அடித்துணியை மட்டும் நகர்த்துவதால் மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். மேலும் கீழும் ஒரே வேகத்தில் நகர்த்தும் சிறப்புப் பாதம் இதைத் தவிர்க்கிறது. தற்காலக் குவில்ட்டில் பெரிதும் விரும்பப்படும் நெருக்கமான இணைகோடுகளை ஒரே திசையில் தைத்துக்கொண்டே போனால் போர்வை சாய்சதுரமாகக் கோணிவிடும். ஒரு கோடு மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என மாற்றித் தைப்பதே வழி. கோடுகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சின் வகையைப் பொறுத்தது. பஞ்சு விற்கப்படும் உறையில் அது குறிக்கப்பட்டிருக்கும். அதை மீறினால் துவைக்கும்போது பஞ்சு திரண்டு கட்டியாகும்.

60 × 72 அங்குலப் போர்வைக்கு எடுத்துக்காட்டாகத் தேவைப்படும் துணி பின்வருமாறு: அடித்துணி ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக 68 × 80 அங்குலம் இருக்க வேண்டும். கடைத்துணியில் பயன்படும் அகலம் ஏறத்தாழ 42 அங்குலம் என்பதால் 80 அங்குல நீளத் துண்டுகள் இரண்டை இணைக்க வேண்டியிருக்கும்; இதற்கு 4.1 மீட்டர் துணி ஆகும். சுற்றளவு 264 அங்குலம். விளிம்புப்பட்டிக்கு 2.5 அங்குல அகலப் பட்டைகள் 7 போதும். பட்டையை இரண்டாக மடித்து முன்புறம் இயந்திரத்தால் தைத்து, பின்புறம் திருப்பிக் கையால் தைத்து முடிப்பது வழக்கம். துவைத்ததும் பருத்தி சற்றுச் சுருங்கி, தையல் கோடுகளை ஒட்டி மெல்லிய சுருக்கங்கள் தோன்றும். இதைக் குறையாகக் கருதாமல் விரும்பியே பலர் துணியையும் பஞ்சையும் முன்கூட்டி நனைக்காமல் தைக்கின்றனர்.