அரண் திறக்கும் மருந்து



நோயுற்றோருக்காக மன்றாடும்போது அவர்களது உயிருக்காக வேண்டுகிறோம். அவர்களது நினைவுக்காகவும் வேண்டுகிறோமா? மூளையில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோயில் இவ்விரண்டையும் ஒருங்கே காப்பது எளிதன்று.

மூளைக்கு இயற்கையிலேயே ஒரு காவல் அரண் உண்டு. 1885 இல் ஜேர்மனிய அறிஞர் போல் எர்லிக் விலங்குகளின் குருதியில் சாயம் செலுத்தியபோது, ஏனைய உறுப்புகள் நிறம் பெற்றன. மூளை நிறம் மாறவில்லை. மூளையின் நுண்ணிய குருதிக்குழாய்களின் சுவரிலுள்ள கலங்கள் இடைவெளியின்றி இணைந்திருப்பதே இதற்குக் காரணம். நஞ்சைத் தடுக்கும் அந்த அரணே மருந்தையும் தடுத்துவிடுகிறது.

மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு அளித்தால் கட்டி சுருங்கும். ஆயினும் பின்னாளில், சிறப்பாக முதியோரிடத்தில், நினைவாற்றல் குன்றுவதுண்டு. உயிர் பிழைத்த தந்தை தம் பிள்ளையின் பெயரை மறந்துவிட்டால், அக்குடும்பத்தின் துயரை என்னென்பது!

இத்துயரைத் தவிர்க்க ஒரு வழியை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வைத்தியர் எட்வர்ட் நியூவெல்ட் வளர்த்தெடுத்தார். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, தொடையிலுள்ள நாடி வழியே மெல்லிய குழாயொன்றைக் கழுத்து நாடி வரை செலுத்துவர். செறிவுமிக்க மனிட்டோல் என்னும் சர்க்கரை வகைக் கரைசல் முதலில் அதனூடாகப் பாயும். அது சுவர்க் கலங்களிலிருந்து நீரை உறிஞ்ச, அவை சுருங்கி இடைவெளி விடும். உடனே மெதொட்ரெக்ஸேட் மருந்து அதே நாடியில் செலுத்தப்படும். அரண் இடிக்கப்படுவதில்லை, சிறிது நேரம் திறந்து, தானாகவே மூடிக்கொள்கிறது. மாதந்தோறும் அடுத்தடுத்த இரு நாட்கள், ஓராண்டு வரை இச்சிகிச்சை தொடரும்.

இதில் வலிப்பு முதலிய ஆபத்துகளும் உள. 2009 இல் வெளியான ஆய்வில், 149 நோயாளருள் 57.8 வீதத்தினரிடம் கட்டி முற்றாக மறைந்தது, பாதிப்பேர் 3.1 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். எனினும் தேர்ந்த சில நிலையங்களிலேயே இது செய்யப்படுகிறது. பெரும்பாலான இடங்களில் அதே மருந்தை மிகுந்த அளவில் நாளத்தினூடாக அளித்து, அரணைக் கடக்கச் செய்கின்றனர்.

அன்புக்குரியவர்களே, உங்கள் இல்லத்தில் எவரேனும் இத்தகைய நோயுற்றால், "பிழைப்பாரா?" என்று மட்டும் வைத்தியரிடம் கேளாதீர்கள். "எங்களை அறிந்தவராக வாழ்வாரா?" என்றும் கேளுங்கள். சிகிச்சையைத் தெரிவுசெய்யும் முன்னர் கேட்கவேண்டிய கேள்வி அது.