கோல் எந்தக் கையில்?

1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில், தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாக 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகக் குமிழையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் பொருத்தி ஜான் சார்ன்லி வெற்றி கண்டார். ஆயினும், மூட்டு புதிதானவுடன் நடையும் புதிதாகிவிடுவதில்லை. காரணம் யாதெனில், ஒற்றைக் காலில் நிற்கும் க்ஷணத்தில் இடுப்பெலும்பு மறுபுறம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது ஊன்றிய காலின் பக்கத்துப் பிருஷ்டத் தசையே. வலிக்கு அஞ்சி வருஷக்கணக்காக உபயோகிக்கப்படாத அது, சத்திரசிகிச்சைக்குப் பின்னும் மெலிந்தே கிடப்பதால், அடிக்கொரு முறை உடல் சாய்கிறது. சமையல் மேடையைப் பிடித்தவாறு காலைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தி இறக்கும் எளிய பயிற்சியே, வைத்தியர் அனுமதித்த பின், அதற்கு மருந்து. அவசரக்காரர்கள் இதைத்தான் நம்புவதில்லை. கோலை எதிர்க்கையில் பிடிப்பதும் அத்தசை மெலிந்திருப்பதாலேயே: இடுப்பிலிருந்து தூரத்தில் ஊன்றும் சொற்ப பலமும் நெம்புகோல் நியாயப்படி அத்தசையின் பாரத்தைப் பெரிதும் குறைக்கிறது. வலது இடுப்பென்றால் கோல் இடது கையில்.